ஏழாம் எண்ணின் தோள்

"காலைல சாமி தூக்குனான். சாயங்காலம் வந்து முப்பது பாயிண்ட் போட்டான். அவன் ஆட்டக்காரன்."

எங்கள் தெரு டீக்கடை பெஞ்சில் இந்த மூன்று வாக்கியங்களும் இதே வரிசையில், இதே ராகத்தில் வருடக்கணக்காகச் சொல்லப்படுகின்றன. 'அவன்' என்பது என் அண்ணன். மூன்றாவது வாக்கியம் உண்மை. அண்ணன் ஆட்டக்காரன்தான், அதை நானே சத்தியம் செய்து சொல்வேன். இரண்டாவதும் ஏறக்குறைய உண்மை, வருடத்துக்கு வருடம் பாயிண்ட் கொஞ்சம் ஏறிக்கொண்டே போகிறது, அவ்வளவுதான். முதல் வாக்கியம் பச்சைப் பொய். சாமி தூக்கியது நான்.

என்னைப் பாராட்டவில்லையே என்று அழுவதற்காக இதை எழுதவில்லை. அந்தப் பொய்யைக் கையில் வைத்துக்கொண்டு இப்போது ஆடுகிற ஒருவனைப் போட்டு அடிக்கிறார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சின்ன காஞ்சிபுரத்தில் தறிக்காரர்கள் தெரு எங்களுடையது. பட்டுப் புடவைக்கு வருகிறவர்களுக்கும் கோயிலுக்கு வருகிறவர்களுக்கும் இங்கே ஒரு பாஸ்கெட்பால் கிளப் இருப்பது தெரியாது. தெரு முடிகிற இடத்தில் கோர்ட். அதற்கு எதிரே என் ஜெராக்ஸ் கடை. பக்கத்தில் டீக்கடை. நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் பேசுவதில் ஒரு சொல்கூடச் சிந்தாமல் இந்தப் பக்கம் வந்துவிடும். பையன்கள் பயிற்சிக்கு வருகிற நேரத்துக்குக் கிளப்பின் பழைய ஆட்டக்காரர்களும் வந்து பெஞ்சை நிரப்பிக்கொள்வார்கள். நடுவில் உட்காருகிறவர் செயலாளர். ஒரு காலத்தில் அணித் தலைவர், இப்போது பட்டுக்கடை முதலாளி. அவர் டீ குடித்து முடித்தபின்தான் மற்றவர்கள் கருத்துச் சொல்வார்கள்.

எங்கள் கிளப்பில் ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லி யாரும் பேசுவதில்லை. பனியன் எண்தான். என் அண்ணன் ஏழு. நல்ல உயரம், வலது கை ஷாட், பந்து கையை விட்டுப் போகும்போதே திரும்பி நடக்க ஆரம்பித்துவிடுவான். விளையாட்டுக்காகவே சென்னையில் வேலை கிடைத்துப் போனவன். இப்போதைய நட்சத்திரம் பதினொன்று. அண்ணன் அளவே உயரம். பகலில் ஒரு ஜவுளிக் கிடங்கில் மூட்டை பிரிக்கிற வேலை, மாலையில் இந்தக் கோர்ட். வீட்டில் தறி நெய்கிற அப்பா, அம்மா, இவன் ஒரே பிள்ளை.

இவன் ஆட்டத்தைப் பெஞ்சு எப்படிப் பார்க்கிறது தெரியுமா? மூன்று பாயிண்ட் கோட்டுக்கு வெளியே நின்று இவன் போட்டால், "தூரத்துலேர்ந்து எறியறது ஒரு ஆட்டமா" என்பார்கள். ஏழு காலத்தில் அந்தக் கோடே எங்கள் தரையில் போடவில்லை. கோடு இருந்திருந்தால் அண்ணனும் அங்கேதான் போய் நின்றிருப்பான். இவன் பந்தை அடுத்தவனுக்குக் கொடுத்தால் பயந்துவிட்டான் என்பார்கள். கொடுக்காமல் தானே போட்டால் தலைக்கனம். ஷூ நல்லதாகப் போட்டால், "நாங்கள்லாம் வெறுங்காலோட ஆடினோம்" என்பார்கள். யாரும் வெறுங்காலோடு ஆடவில்லை. அண்ணனுடைய கேன்வாஸ் ஷூவுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசிக் காயவைத்தவன் இங்கே கடை வைத்து உட்கார்ந்திருக்கிறான், அவனைக் கேட்க மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில் அந்த மூன்று வாக்கியங்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டால் பேச்சு முடிந்துவிடும். காலையில் சாமி, சாயங்காலம் முப்பது. இதற்கு மேல் எவன் என்ன செய்துவிட முடியும்?

அந்தச் சாமி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருப் பெருமாளுக்கு வைகாசியில் உற்சவம். கருட சேவையன்று காலை பெருமாளை நாலு தெருவும் தூக்கி வருவது தெருக்காரர்களின் பொறுப்பு. வீட்டுக்கு ஒரு தோள் என்பது கட்டுப்பாடு. வீட்டிலிருந்து எந்த ஆண்பிள்ளை வந்தாலும் சரி, தண்டுக்குக் கீழே ஒரு தோள் இருக்க வேண்டும். சாமி திரும்பி வந்ததும் தூக்கினவர்களுக்கு மாலை மரியாதை உண்டு. அப்போது மைக்கில் கூப்பிடுவது தூக்கினவன் பெயரை அல்ல. அந்த வீட்டின் மூத்த மகன் பெயரை. வந்தவன் யாராக இருந்தாலும் அந்தப் பெயருக்குக் கை நீட்டி வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

கிளப்பின் வைகாசிப் போட்டியின் இறுதி ஆட்டம் எப்போதும் அன்று மாலைதான். ஊரே கூடியிருக்கும் நாள் என்பதால் அப்படி. அண்ணன் அணியில் சேர்ந்த வருடமே அப்பா முடிவு சொல்லிவிட்டார். பெரியவன் ஆடட்டும், சின்னவன் தூக்கட்டும். அதில் எனக்கு அப்போது வருத்தம் எதுவும் இல்லை, பெருமைதான். ஒரே சங்கடம் என் உயரம். நின்றால் அண்ணன் தோளுக்குத்தான் வருவேன், அவ்வளவு குட்டை. தண்டு என் தோளில் உட்காராமல் மேலே மிதக்கும். அதனால் அம்மா பழைய வேட்டிகளை மடித்து, கெட்டியாகத் தைத்து ஒரு சும்மாடு செய்துகொடுத்தாள். அதைத் தோளில் வைத்துக் கட்டிக்கொண்டு நாலு தெருவும் சுற்றுவேன். அண்ணன் அந்த நேரம் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே படுத்திருப்பான். படுக்கத்தான் வேண்டும், சாயங்காலம் ஆட வேண்டியவன். பிறகு மைக்கில் அண்ணன் பெயரைக் கூப்பிடுவார்கள், நான் போய்க் கை நீட்டுவேன்.

தெருவில் பாதிப் பேருக்கு மைக்குதான் உற்சவம். அடுப்படியிலிருந்தும் தறியிலிருந்தும் காதால் பார்க்கிறவர்கள். அவர்கள் காதில் விழுந்தது அண்ணன் பெயர். சாயங்காலம் கோர்ட்டில் கண்ணால் பார்த்ததும் அண்ணனை. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். கண்ணெதிரே என்னைப் பார்த்தவர்களும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த முடிச்சுக்குள் போய்விட்டார்கள். செயலாளரே, ஆட்டத்தை விட்டபின், எனக்கு முன்னால் தண்டு பிடித்தவர். என் மூச்சு அவர் முதுகில் பட்டிருக்கும். அவரும் இப்போது, "ஏழு காலைல சாமி தூக்குனான்" என்கிறார்.

போன வருடம் நடந்ததைச் சொன்னால் என் கோபம் புரியும். பதினொன்றுடைய அப்பாவுக்கு முதுகுத்தண்டு போய்விட்டது. பாரம் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால் வீட்டுத் தோள் இவனுக்கு வந்தது. அண்ணனுக்கு நான் இருந்ததுபோல இவனுக்குத் தம்பி இல்லை. சாமி தூக்குகிற வரிசையில் உயரமானவன் பாடு பெரும்பாடு. மற்றவர்கள் தோள் தாழ்வாக இருக்க, பாரம் மொத்தமும் அவன் மேல் வந்து உட்காரும். பாரத்தைச் சமமாக்க முழங்காலை மடக்கிக்கொண்டே நடக்க வேண்டும். இவன் நாலு தெருவும் அப்படி நடந்தான். மத்தியானம் என் கடைக்குத் தண்ணீர் பாட்டில் வாங்க வந்தபோது பனியனை விலக்கிக் காட்டினான். வலது தோள் சிவந்து இட்லி மாதிரி உப்பியிருந்தது. அந்தத் தோளை வைத்துக்கொண்டுதான் சாயங்காலம் ஆடினான். கடைசி நிமிடத்தில் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவும் ரிங்கின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பின. ஒரு பாயிண்டில் தோற்றோம்.

மறுநாள் பெஞ்சு அவனைக் குதறி எடுத்தது. ஏழுடைய ஷூ கயிற்றைக் கட்டக்கூட லாயக்கில்லை என்றார் ஒருவர். ஏழும் காலையில் சாமி தூக்கினவன்தானே, அவன் போடவில்லையா என்றார் செயலாளர். நான் ஜெராக்ஸை அப்படியே விட்டுவிட்டுத் தடுப்பைச் சுற்றிப் போய் நின்றேன். அண்ணன் ஒருநாளும் தூக்கியதில்லை, தூக்கியது நான், அண்ணன் உயரத்துக்குத் தூக்கியிருந்தால் அவன் தோளும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று சொன்னேன். செயலாளர் மிகவும் கனிவாகச் சிரித்தார். கூடப்பிறந்தவன் பேரெடுத்தால் தம்பிக்கு ஒரு மாதிரி இருக்கத்தான் செய்யும் என்று மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னார். எல்லோரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னவனுக்குப் பொறாமைக்காரன் பட்டம். அன்றைக்கு என் வயிறு எரிந்த எரிச்சலில் ஒரு அடுப்பே மூட்டியிருக்கலாம்.

இந்த வருடம் இறுதி ஆட்டத்தோடு கிளப்பின் ஆண்டு விழாவும் சேர்ந்துகொண்டது. 'என்றும் நம் ஐவர்' என்று கோர்ட்டின் வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ் வைக்கப் போவதாகச் சொன்னார்கள். நடுவில் என் அண்ணன். இரண்டு பக்கமும் அவன் கூட்டாளிகள் மூன்று பேர். ஐந்தாவது முகம் பதினொன்று என்றுதான் பையன்கள் நினைத்தார்கள். ஃப்ளெக்ஸ் வந்தது. ஐந்தாவது இடத்தில் கிளப் தொடங்கிய காலத்து ஆட்டக்காரர் ஒருவர் மீசையோடு முறைத்துக்கொண்டிருந்தார். அவர் ஆடிப் பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. அதுதான் அவருடைய பெரிய பலம். இப்போது ஆடுகிறவனுக்கு இடம் கொடுத்தால் கெட்டுப்போவான், இன்னும் நிரூபிக்கட்டும் என்று செயலாளர் விளக்கம் கொடுத்தார்.

முகம் போனால் போகட்டும். ஃப்ளெக்ஸ் மழைக்கு வெளுத்துவிடும். ஆனால் இந்த வருட இறுதி ஆட்டத்தைப் பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு வங்கி அணியின் பயிற்சியாளர் வருவதாக இருந்தது. பதினொன்றைப் பார்க்கத்தான். அன்று நன்றாக ஆடினால் வேலை, அண்ணனுக்குக் கிடைத்ததைப் போல. அதற்குமேல் வயது இடம் கொடுக்காது, அடுத்த வருடம் என்று ஒன்று அவனுக்கு இல்லை. அன்று காலையிலேதான் கருட சேவை. அவன் தூக்கினால் சாயங்காலம் அந்தத் தோள் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பெஞ்சுக்கும் தெரியும். ஆனால் ஏழு தூக்கினானே என்று ஒரு பதில் தயாராக இருந்தது.

அண்ணனுக்குப் போன் செய்தேன். ஆண்டு விழாவுக்கு அவன்தான் சிறப்பு விருந்தினர். வருகிறபோது மேடையில் ஒரே ஒரு வரி சொல்லிவிடு, நான் தூக்கவில்லை, தம்பிதான் தூக்கினான் என்று, அப்படிச் சொன்னால் இந்தப் பையனை ஒருநாள் விட்டுவிடுவார்கள் என்றேன். நான் தூக்கினதாகவா சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது, அது எனக்குக் கேட்டது.

"அவங்க ஏதோ ஆசையா சொல்லிக்கினு இருக்காங்க, விடுடா. மேடையில போயி அதெல்லாம் எதுக்கு?"

நான் போனை வைத்துவிட்டேன். அண்ணன்மேல் எனக்கு அவ்வளவு கோபம் அதற்கு முன்பு வந்ததில்லை. நான் தைத்த சட்டையை அடுத்தவன் போட்டுக்கொண்டால்கூடப் பரவாயில்லை, போட்டவன் அதைத் தைத்தவன் பெயரையாவது சொல்ல வேண்டாமா?

அன்று மாலையே பதினொன்றின் வீட்டுக்குப் போனேன். அவன் அப்பா தறியிலிருந்து எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். உங்கள் வீட்டுத் தோளாக இந்த வருடம் நான் நிற்கிறேன் என்று சொன்னேன். பதினொன்று ஒத்துக்கொள்ளவில்லை. அப்பா முப்பது வருடத்துக்கு மேல் விடாமல் தூக்கிய தோள், தன் காலத்தில் அது ஆட்டத்துக்காக நின்றது என்று யாரும் சொல்லக் கூடாது என்றான். என் வயதையும் முழங்காலையும் வேறு பார்த்தான். அப்பா மட்டும் வெகுநேரம் என் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் எனக்குப் பின்னால் தண்டு பிடித்தவர்.

"ஏழுக்குத் தூக்குன தோளு இதுதான்பா," என்றார் மகனிடம். "நான் பின்னால நின்னு பாத்துக்கினு வந்தவன். இது வந்தா நம்ம வூட்டுக்குக் கொறச்சல் இல்ல."

இத்தனை வருடத்தில் அதை எனக்கு முன்னால் இன்னொருவர் வாயால் சொல்லிக் கேட்டது அன்றுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர்கள் கொடுத்த காபி சூடாக இருக்கிறது என்று சமாளித்தேன்.

பரணிலிருந்து அம்மா தைத்த சும்மாட்டைத் தேடி எடுத்தேன். எலி ஒரு மூலையைக் கடித்திருந்தது, மற்றபடி கல் மாதிரி இருந்தது. கருட சேவையன்று காலை அதைக் கட்டிக்கொண்டு போய் நின்றபோது எங்கள் வீட்டுத் தோளாக என் மகன் ஏற்கெனவே இடம் பிடித்திருந்தான். செயலாளர் வந்தார். உற்சவக் குழுவிலும் அவர்தான் முதல் ஆள். என்னையும் என் மகனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாபா இது, ஒரே வூட்டுலேர்ந்து ரெண்டு தோளு?"

"இது பதினொன்னு வூட்டுத் தோளு."

வேறு வீட்டு ஆள் எப்படி நிற்கலாம், கட்டுப்பாடு என்று ஒன்று இருக்கிறதே என்றார். நான்கு பேர் கூடிவிட்டார்கள். முப்பது வருடக் கோபம் எனக்கு நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"எங்க அண்ணன் பேரை மைக்ல கூப்புட்டப்ப கை நீட்டுனது யாருன்னு ஒரு வருஷமாவது பாத்தீங்களா? இப்ப மட்டும் ஏன் பாக்கறீங்க?"

உள்ளேயிருந்து பட்டர் நேரமாகிறது என்று குரல் கொடுத்தார். மேளம் ஆரம்பித்தது. பெருமாள் எழுந்துவிட்டார், அதற்குப் பிறகு யாரும் எதையும் பேச முடியாது.

ஐம்பதைத் தாண்டிய உடம்புக்கு நாலு தெரு என்பது நாலு ஊர். இரண்டாவது தெரு திரும்பும்போதே முழங்கால் என்னிடம் சண்டைக்கு வந்தது. மூன்றாவது தெருவில் தேங்காய் உடைக்க நின்றபோது கண்ணுக்குள் பூச்சி பறந்தது. விட்டுவிட்டுப் போய்விடலாமா என்றுகூட இருந்தது. அந்த நேரம் பதினொன்று வீட்டில் மின்விசிறிக்குக் கீழே படுத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். அவனிடம் படுத்துத்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். சாமி திரும்பி வந்து, மைக்கில் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் போய்க் கை நீட்டி மாலையை வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் அவன் ஆடியதை எழுத எனக்கு வராது. முதல் பாதியில் கோட்டுக்கு வெளியேயிருந்து அவன் போட்ட பந்துகள் வலையை மட்டும் தொட்டுவிட்டு இறங்கின. பெஞ்சுக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, ஏழாக இருந்தால் உள்ளே புகுந்து போட்டிருப்பான் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மேடையில் என் அண்ணன் மாலையோடு உட்கார்ந்திருந்தான். கடைசியில் ஒரு பாயிண்ட் பின்தங்கியிருந்தபோது பந்து பதினொன்றுக்கு வந்தது. எதிரணியில் இரண்டு பேர் அவன்மேல் பாய்ந்தார்கள். அவன் கையைத் தூக்கினான். எல்லோரும் ரிங்கைப் பார்த்தோம். பந்து ரிங்குக்குப் போகவில்லை. தடுக்க ஆளில்லாமல் ரிங்குக்குக் கீழே நின்றிருந்த எங்கள் ஆட்டக்காரன் கையில் போய் விழுந்தது. அவன் நின்ற இடத்திலிருந்தே போட்டுவிட்டான். ஜெயித்தோம். சென்னைக்காரர் எழுந்து வந்து பதினொன்றின் தோளைத் தட்டினார். அது வலது தோள். அவன் முகம் சுளிக்கவில்லை.

மூன்றாம் நாள் அவன் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸுக்கு வந்தான். வேலை உறுதி. நான் இடது கையால்தான் எல்லாம் செய்துகொண்டிருந்தேன், வலது கை தோளுக்கு மேல் ஏறவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் பெஞ்சு நிரம்பியிருந்தது. அடுத்த தெருக்காரர் ஒருவர், கருட சேவையன்று வீட்டிலேயே இருந்து மைக்கில் கேட்டவர், பேச்சை ஆரம்பித்தார்.

"நம்ம பதினொன்னும் காலைல சாமி தூக்கிட்டுத்தான சாயங்காலம் ஆடினான்."

என் தோளைக் கண்ணால் பார்த்தவர்கள் நாலு பேர் அந்தப் பெஞ்சில் இருந்தார்கள். ஒருவரும் இல்லை என்று சொல்லவில்லை. செயலாளர்கூட ஆமாம் போடுவதுபோலத் தலையை ஆட்டினார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இதோ, கண்ணெதிரே, மூன்றே நாளில், மறுபடியும் ஒரு முடிச்சு. எழுந்து போகலாம் என்று நினைக்கும்போதே பதினொன்று தடுப்புக்கு மேலே தலையை நீட்டிவிட்டான். அந்த உயரத்துக்கு அது சுலபம்.

"நான் தூக்கலைங்க. மாமாதான் தூக்குனாரு. ஏழுக்கும் இவர்தான் தூக்குனாரு, எங்க அப்பா பாத்துருக்காரு."

செயலாளர் டீயைக் குடித்து முடித்துத் தம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏழா இருந்தா ரெண்டையுமே செஞ்சிருப்பான்," என்றார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

இவர்களைத் திருத்த யாராலும் முடியாது, எனக்கு இன்றும் கோபம்தான். அந்த ஃப்ளெக்ஸ் இன்னும் வாசலில் இருக்கிறது, மீசைக்காரர் இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் ஏழா பதினொன்றா என்று என்னைக் கேட்டால் இப்போது ஒரு நொடிகூட யோசிக்க மாட்டேன். என் அண்ணன்மேல் எனக்கு உயிர். ஆண்டு விழாவன்று அவன் மேடையில் மைக்கைப் பிடித்து வெகுநேரம் பேசினான். தன்னை வளர்த்த தெருவுக்கும் கிளப்புக்கும் பெருமாளுக்கும் நன்றி சொன்னான். வலது தோளைப் பிடித்துக்கொண்டு நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.